பிரெஞ்சு வண்டியில் இங்கிலீஷ் மரை

போன மாதம் நம் தொழிலுக்குப் புதிதாக வந்த மூன்று பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். மூவரும் பெரிய ஷோரூம்களில் ரேஸ் சைக்கிள் பார்க்கிறவர்கள். கையில் கிரீஸ் கறை இல்லை, சட்டையில் கடையின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. விலை உயர்ந்த ரோடு பைக் ஒன்றுக்கு நெடுநாள் உழைக்கிற மாதிரி உயர்தரமான பாட்டம் பிராக்கெட் எதைப் போடலாம் என்று அவர்களுக்குள் சண்டை. ஒருவர் பீங்கான் குண்டு போட்டதுதான் உசத்தி என்கிறார். இன்னொருவர் ஜப்பான் சரக்கு என்கிறார். மூன்றாமவர் போனைத் தேய்த்துத் தேய்த்துப் படம் காட்டினார். தங்க நிறத்தில் ஒன்று, ரத்தச் சிவப்பில் ஒன்று. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை படம் பார்க்க மாட்டார்கள்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "வண்டியில அந்தக் குழாய் என்ன அளவு? மரை எந்தப் பக்கம் சுத்துது?"

வண்டி ஷோரூமில் இருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களாம். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசுகிற கூட்டம் என்று திட்டி அனுப்பிவிட்டேன்.

அவர்கள் போனபிறகுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டியைப் பார்க்காமல் சரக்கைப் பார்த்து மயங்கியவன் இந்தப் புதுச்சேரியில் முதலில் யார் என்று கேட்டால், கையைத் தூக்க வேண்டியவன் நான்தான். அவர்களாவது வண்டியைப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டும் செய்தேன். அதனால் அவர்களைத் திட்டிய கையோடு என்னையும் திட்டிக்கொள்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் பாட்டம் பிராக்கெட் என்பதை நாங்கள் பெடல் அச்சு என்போம். சங்கதி ஒன்றுதான். சட்டத்தின் அடியில் ஒரு குட்டைக் குழாய். அதற்குள் ஓர் அச்சு, அதைத் தாங்கும் குண்டுகள், அந்தக் குண்டுகளை அடக்கி வைக்க இரண்டு பக்கமும் திருகி ஏற்றும் இரண்டு கப்புகள். மிதிக்கிறவனின் மொத்த பலமும் அந்த இடத்தில்தான் இறங்கும். அந்தக் கப்பைப் பிடித்து நிறுத்துவது மரை, குழாய்க்குள்ளும் கப்பின் மேலும் வெட்டியிருக்கும் திருகுக் கோடுகள். இங்கிலீஷ் வண்டியில் செயின் பக்கத்து மரை மட்டும் இடது சுற்று. அதனால் மிதிக்க மிதிக்க அது தானாகக் கழலாது. பிரெஞ்சு வண்டியில் இரண்டு பக்கமும் வலது சுற்று. செயின் பக்கத்துக் கப்பை உயிரைக் கொடுத்து இறுக்காவிட்டால் மெல்லக் கழன்றுவரும். இதுபோக, பிரெஞ்சுக் குழாயின் வாய் மயிரிழை பெரிது. இவ்வளவு தெரிந்தால் என் கதைக்குப் போதும்.

உலகத்தில் வேறெந்த ஊர் மெக்கானிக்குக்கும் இந்த வித்தியாசம் அவ்வளவு முக்கியமில்லை. எங்களுக்குத்தான் இரண்டு ஜாதி வண்டியும் ஒரே தெருவில் ஓடின. எங்கள் கடை மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. பிரெஞ்சு வண்டி வந்தால் அடிக்குழாயில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்போம். அவசரத்தில் யாரும் தப்பான கப்பை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். எங்கள் முதலாளி அதுவரை, மூவர்ணக் கொடி என்றால் எந்த நாட்டுக் கொடி என்று வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறவர். ஒரே ராத்திரியில் அவருக்குத் தேசபக்தி வந்துவிட்டது. கடையில் இருந்த பிரெஞ்சுக் கப்பு, அச்சு, பிரெஞ்சு மரை வெட்டுகிற டாப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டார்.

"ஆளே போயிட்டான், அவன் மரை மட்டும் எதுக்குடா நமக்கு?" என்றார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு இருபத்துநாலு வயது. இனி எல்லாம் மெட்ராஸ் சரக்கு, எல்லாம் புதுசு என்று எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. கப்பலேறியது ஆட்கள்தான், வண்டிகள் இங்கேயேதான் நின்றன.

இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பாவாடை என்று ஒருவன் எங்கள் கடைக்கு வந்தான். அரியாங்குப்பத்துக்காரன், என்னைவிட மூன்று வயது இளையவன். முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு நூல் ஆலையில் பதிலி. பதிலி என்றால் வேலை இருக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் விடியற்காலையில் ஆலை வாசலில் போய் நிற்க வேண்டும். நிரந்தரமானவர்களில் எவனாவது வராவிட்டால் மேஸ்திரி வெளியே வந்து கை காட்டுவார். காட்டினால் அன்றைக்குக் கூலி. காட்டாவிட்டால் வந்த வழியே ஆற்றைத் தாண்டி வீடு. பாவாடைக்குக் கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் இருந்தது.

அந்த ஆலையின் அப்போதைய மேனேஜருக்குச் சைக்கிள் பைத்தியம். ஆலைக்கென்று ஒரு பந்தயக் குழு வைத்து மெட்ராசுக்கு அனுப்ப ஆசைப்பட்டார். ஆலை வாசலிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் போய்த் திரும்ப வேண்டும், முதல் மூன்று பேர் குழுவில், குழுவில் சேர்ந்தவன் பதிலியாக இருந்தால் அன்றிலிருந்து நிரந்தரம் என்று நோட்டீஸ் ஒட்டினார். பாவாடை தினமும் ஆற்றுப்பாலம் ஏறி இறங்கி மிதித்த கால்காரன். அவனுக்கு இல்லாதது வண்டி ஒன்றுதான்.

வண்டி ஒரு சொல்தாவிடம் கிடைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய நம்மூர் ஆட்களுக்கு இங்கே சொல்தா என்று பெயர். இவர் சைகோனில் இருந்து வந்தவர், ஐம்பது வயசு, யாரையும் மதித்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஊரில் எல்லோரும் சைக்கிள் என்றால் இவர் மட்டும் வெலோ என்பார், அவரையும் ஐயா என்று கூப்பிடாமல் பிரெஞ்சு வழக்கப்படி முசே என்பார்கள். அவரிடம் ஒரு பிரெஞ்சு ரேஸ் வண்டி இருந்தது. முழங்கால் வலி வந்து ஓட்ட முடியாமல் போனதால் பாவாடைக்குக் கொடுத்தார். இரண்டு ஆட்டை விற்று வாங்கினான்.

பழகும்போதே செயின் பக்கத்துக் கப்பு இரண்டு தரம் கழன்றது. பயந்துபோய் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களிடம் வந்தான்.

"அண்ணே, பந்தயத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்குது. வழியில கழண்டா என் பொழப்பே கழண்டுடும். எது ஒசத்தியோ அதப் பாத்துப் போட்டுக் குடுங்க. கழலக் கூடாது, ஒழைக்கணும்" என்றான்.

அப்போது முதலாளியின் கண்ணாடி அலமாரியில் ஒரு இங்கிலீஷ் பெடல் அச்சு இருந்தது. மெட்ராசிலிருந்து தருவித்தது. மெழுகுத்தாளில் சுற்றி, நீல அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்கும். அச்சைக் கையில் எடுத்தால் முகம் தெரியும். கப்புக்குள் குண்டைப் போட்டுச் சுற்றினால் சத்தமே வராது. மாசத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து மறுபடி வைப்பேன். அதைப் போட ஒரு ரேஸ் வண்டி வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் நான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்தா வந்து சேர்ந்தார். கையில் தகரம் மாதிரி விறைத்துப்போன ஒரு கறுத்த காகிதப் பொட்டலம். பிரித்தார். உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து அப்பிய பிரெஞ்சுக் கப்பு இரண்டு, ஒரு அச்சு, கொஞ்சம் குண்டு. பார்க்க அடுப்பில் கிடந்து எடுத்த மாதிரி இருந்தது.

"இது வெலோவோட வந்த மாத்து சாமான். இதப் போடு. நீட்டு ஸ்பேனர் வெச்சு, ஒடம்பு மொத்தத்தையும் குடுத்து இறுக்கு. வாரம் ஒருதரம் பாரு. கழலாது" என்றார்.

முதலாளி பொட்டலத்தை விரல் நுனியால் தள்ளினார். "முசே, இதெல்லாம் அந்தக் காலம். இங்கிலீஷ் கப்பு மிதிக்க மிதிக்க இறுவும். வாரா வாரம் எவன் ஸ்பேனரத் தூக்குவான்?"

"அந்த மரை இதுல ஏறாது" என்றார் சொல்தா.

"ஏத்திடுவோம். நம்ம பையன் புது மரையே வெட்டுவான்" என்றார் முதலாளி என்னைக் காட்டி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாவாடை நம்பிக்கையோடு பார்த்தான். சரியான பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. குழாயின் வாய் பெரிது, இங்கிலீஷ் மரை அதில் ஆழமாக விழாது, மேலாகக் கீறிக்கொண்டுதான் போகும். பழைய மரையும் அதோடு போய்விடும், திரும்பி வர வழி கிடையாது. இவ்வளவும் தெரிந்தவன் நான். ஆனால் அலமாரிச் சாவி முதலாளி கையில் கிலுகிலு என்று ஆடிக்கொண்டிருந்தது. "பண்ணலாம்" என்றேன்.

சொல்தா பொட்டலத்தை மறுபடி சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வெளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்.

மரை வெட்டிய வேலையை விவரிக்கப் போவதில்லை. சுத்தமாகத்தான் வெட்டினேன். ஆனால் கப்பை ஏற்றும்போது கைக்கு ஒரு செய்தி வந்தது. நல்ல மரையில் கப்பு கடைசிச் சுற்றில் கல்லாக நிற்கும். இது அங்கேயும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தது, பழுத்த பலாச்சுளையை அமுக்குகிற மாதிரி. கை நிறுத்து என்றது. நான் நிறுத்தவில்லை. பெடலைச் சுற்றிவிட்டேன், சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலாளி கைதட்டினார். இது இனிமேல் இங்கிலீஷ் வண்டி என்று அடியில் இருந்த சிவப்புப் பொட்டைப் பெட்ரோல் துணியால் துடைத்தும் விட்டேன். அத்தனை திமிர்.

பத்து நாளும் பாவாடை மெதுவாகத்தான் ஓட்டிப் பார்த்தான். புதுச் சாமானைத் தேய்த்துவிடக் கூடாதாம். அச்சு பட்டு மாதிரி ஓடுதுண்ணே என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் சொன்னான்.

பந்தயத்தன்று ஆலை லாரியில் என்னை மெக்கானிக்காக ஏற்றிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பிற்று. அரியாங்குப்பத்தில் பாவாடையின் ஆட்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று கத்தினார்கள். அவன் பெண்சாதி குழந்தையைத் தோளில் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சக்குப்பத்தில் திரும்பும்போது பாவாடை இரண்டாவது ஆள். முன்னால் போகிறவனை எட்டிப் பிடித்துவிடுவான் என்று லாரியில் இருந்தவர்கள் பந்தயம் கட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அவனுக்காக என்று சொன்னால் பொய். அந்த நீலப் பெட்டிக்காக.

கிருமாம்பாக்கம் தாண்டியதும் அவன் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் நான் பார்த்தேன், வலது பெடல் கீழே இறங்கும்போது செயின் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு மிதிக்குப் பிறகு செயின் கழன்றது. அவன் இறங்கிவிட்டான்.

லாரியிலிருந்து குதித்து ஓடினேன். செயின் பக்கத்துக் கப்பு குழாயை விட்டு முக்கால்வாசி வெளியே நின்றது. கழன்று வரவில்லை, நழுவி வந்திருந்தது. மரை இருந்த இடத்தில் வெறும் தூள். கப்பில் ஒரு கீறல் கிடையாது. அச்சில் ஒரு கீறல் கிடையாது. என் முகம் அதில் அப்போதும் தெரிந்தது.

"என்னாண்ணே ஆச்சு?" என்றான். மூச்சு வாங்கியது. மூன்றாவது ஆள் எங்களைக் கடந்து போனான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. என் வாயில் வந்தது வேறு. "வண்டி பழசுடா. உள்ள மரை பூராவும் அரிச்சுக் கெடக்குது. சொல்தா நல்லா ஒன் தலையில கட்டிட்டாரு."

தம்பிகளே, அவசரத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மிகத் தெளிவாக யோசித்துச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அவளாவது கூடத்தைத்தான் சொன்னாள். நான் அந்த இடத்தில் இல்லாத ஒரு மனிதனைச் சொன்னேன்.

லாரியில் கிடந்த தகர டப்பாவைக் கத்தரித்துக் கப்பைச் சுற்றி வைத்து அடித்து ஏற்றினேன். தவளக்குப்பம் வரை தாங்கியது. அதன்பிறகு பாவாடை இடது காலால் மட்டும் மிதித்தான். அரியாங்குப்பத்தில் அவன் ஜனங்கள் கத்தவில்லை, வழிவிட்டு நின்றார்கள். ஆறாவதாக வந்து சேர்ந்தான். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா முடிச்சே இருக்க மாட்டேண்ணே" என்றான். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அன்று எப்படிச் சாப்பிட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சாப்பிட்டேன்.

அன்று மத்தியானமே பாவாடை வண்டியைச் சொல்தா வீட்டு வாசலில் போட்டுவிட்டு, தெருவே கூடும்படி திட்டி, வாசல்படியில் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கிறான். பிரெஞ்சுப் பேரை வாங்கிப் பட்டாளத்தில் சேர்ந்தவன் எங்களுக்குத் துருப்பிடிச்ச இரும்பை விற்கிறான் என்றெல்லாம் கத்தினானாம். எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் சொல்தாவே வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். கழற்றி எடுத்துவந்த இங்கிலீஷ் அச்சையும் கப்பையும் மேஜையில் வைத்துவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பொட்டு இருந்த இடத்தைப் பார்த்தார். குழாய்க்குள் கட்டைவிரலை விட்டுத் துழாவி வெளியே எடுத்தார். விரலில் வெள்ளி மாதிரி இரும்புத்தூள்.

"துரு எங்கப்பா?" என்று கேட்டார்.

முதலாளி எழுந்து வந்தார். "முசே, ஒங்க வண்டி ஏற்கெனவே உள்ள போயிருந்துச்சு. நாங்க பாத்ததே அப்படித்தான். நம்ம மெக்கானிக்கையே கேளுங்க."

நான் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. கம்பியைத் திருகிக்கொண்டே இருந்தேன். சரியாக இருந்த சக்கரம் அது. அன்று நான் திருகியதில்தான் கோணலானது.

சொல்தா விரலில் இருந்த தூளைத் துடைத்தார். "சைகோன்ல எங்க பட்டாளத்துல ஒருத்தன் இருந்தான். வேற துப்பாக்கித் தோட்டாவ நம்ம துப்பாக்கியில அடிச்சு ஏத்துனான். புதுத் தோட்டா, பளபளன்னு இருந்துச்சு."

"அவனுக்கு என்னா ஆச்சு?" என்றார் முதலாளி.

"அவனுக்கு ஒண்ணும் ஆவல. பக்கத்துல நின்னவனுக்கு ரெண்டு வெரலு போச்சு."

வண்டியை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு போய்விட்டார். முதலாளி சிரித்தார், இந்த சொல்தாக்களுக்கே மரை கழன்றுதான் கிடக்கும் என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. கோணலாக்கிய சக்கரத்தை மறுபடி நேராக்க உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் விடியற்காலையில் ஆலை வாசலுக்குப் போனேன். முப்பது நாற்பது பதிலிகள் குந்தியிருந்தார்கள். மேஸ்திரி வந்தார், ஏழெட்டுப் பேருக்குக் கை காட்டினார், உள்ளே போனார். பாவாடைக்குக் காட்டவில்லை. எழுந்து துண்டை உதறிக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சொன்னேன். மரை நான் வெட்டியது, நிற்காது என்று வெட்டும்போதே எனக்குத் தெரியும், சொல்தா மேல் பழி போட்டதும் நான்தான் என்று மூன்றையும் சொன்னேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் வாசல் மதிலில் சாய்ந்துகொண்டான்.

"வேல போனா போவுது. இதோ இன்னிக்கும்தான் இல்ல. ஒரு தப்பும் பண்ணாத மனுஷன் வாசல்ல துப்பிட்டு வந்துட்டேனேண்ணே. அத எத ஊத்திக் கழுவுறது?"

என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். விடாமல் அப்படியே சொல்தா வீடு வரை நடத்திக்கொண்டு போனான். வழியெல்லாம் ஜனம் பார்த்தது. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

சொல்தா கதவைத் திறந்தார். எங்கள் இரண்டு பேரையும், அவன் பிடியில் இருந்த என் சட்டையையும் பார்த்தார். பாவாடை அவர் காலைத் தொடக் குனிந்தான். "நிமிருடா. நீ எங்கிட்ட நேருக்கு நேரா துப்புன" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ நேத்தே வருவன்னு காப்பி போட்டு வெச்சிருந்தேன். ஆறிப்போச்சு. இன்னிக்குப் போட மாட்டேன்."

வண்டியைப் பாவாடையிடம் திருப்பிக் கொடுத்தார், உள்ளே போய் அந்தக் கறுத்த பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதன் கனம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "உண்மை பேசணும்னா தனியா கடை போட்டுக்கோ" என்றார். முதலியார்பேட்டை ரோட்டோரம் ஒரு மரப்பெட்டியோடு தனியாகத்தான் உட்கார்ந்தேன். என் கூலி பாக்கியைத் தீர்க்க அந்த நீலப் பெட்டியை என்னிடமே தள்ளிவிட்டார். வேறு எந்த வண்டிக்கும் அதைப் போட எனக்கு மனசு வரவில்லை.

பாவாடையின் வண்டியைச் சரிசெய்ய ஒன்றரை மாதம் ஆயிற்று. கடைசல்காரர் ஒருவரிடம் போய்க் குழாய்க்குள் ஓர் இரும்பு வளையம் இறக்கி ஒட்டவைத்து, அதில் பழைய பிரெஞ்சு மரையை மறுபடி வெட்ட வைத்தேன். டாப்பு கிடையாது, நாங்கள்தான் எடைக்குப் போட்டுவிட்டோமே. அவர் கடைசலிலேயே ஒவ்வொரு கோடாக வெட்டினார். கறுத்த கப்பை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். கிரீஸ் கரைந்ததும் உள்ளே பார்த்தால் குண்டு ஓடுகிற பாதை கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு புள்ளி பழுதில்லை. அதைத்தான் விரல் நுனியால் தள்ளிவிட்டுச் சிரித்தோம். நீட்டு ஸ்பேனரில் என் மொத்த உடம்பையும் கொடுத்து இறுக்கினேன். கடைசிச் சுற்றில் கல்லாக நின்றது. அடியில் சிவப்புப் பொட்டு வைத்தேன்.

அடுத்த பந்தயத்தில் அவன் ஜெயித்தான் என்று சொல்லி முடித்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அடுத்த பந்தயம் நடக்கவே இல்லை. அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார், புதிதாக வந்தவருக்குச் சைக்கிள் என்றாலே பிடிக்காது. முதல் மூன்று பேர் மட்டும் நிரந்தரமாகி இருந்தார்கள். அதில் இரண்டாவதாக வந்தவன் கிருமாம்பாக்கத்தில் எங்களைக் கடந்து போனானே, அவன்தான். சொல்தாவும் கொஞ்ச நாளில் மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் போய்விட்டார். போகிற வரைக்கும் எனக்குக் காப்பி கொடுக்கவில்லை.

பாவாடை அந்த ரேஸ் வண்டியில்தான் தினமும் ஆலை வாசலுக்கு வந்தான். பந்தயத்துக்குச் செய்த வண்டி, வாசலில் போய் நிற்பதற்கும் திரும்பிப் போவதற்கும் ஓடியது. மாதம் ஒருமுறை என் மரப்பெட்டி முன்னால் நிறுத்துவான், கப்பை இறுக்குவேன். நான் காசு வாங்கியதில்லை. அவன் கொடுக்கவும் முயன்றதில்லை, எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

1962இல், ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று தோரணம் கட்டிக்கொண்டிருந்த நாள். அதுவரை எட்டு வருஷம் கைமாற்றாகத்தானே இருந்தோம். அப்போதும் பதிலியாகவே இருந்த பாவாடை, வண்டியை முழுசாகப் பிரித்து மாட்டுகிற ஓவராயிலுக்குக் கொண்டுவந்தான். பெடல் கையை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின்னைத் தட்டி எடுத்து, பெடல் அச்சை வெளியே உருவி, கப்பைத் துடைத்து வெயிலில் காட்டினேன். அவனும் எட்டிப் பார்த்தான்.

"மாத்தணுமாண்ணே?"

"வேணாம்டா. இன்னும் எத்தினி வருஷம் வேணா ஓடும்."

ரோட்டில் கொடி கட்டிய லாரி ஒன்று கத்திக்கொண்டு போயிற்று. அவன் அது போகிற வரைக்கும் பார்த்தான். பிறகு குனிந்து குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் போட்டான்.

"ஊருக்கு நெரந்தரம் வந்துருச்சாம். இந்த அச்சுக்கும் வந்துருச்சு" என்றான். "சீக்கிரம் மாட்டிக் குடுங்கண்ணே, விடிஞ்சா ஆலை வாசலுக்குப் போவணும்."